ஒரு பழைய பேப்பரை விரிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

சமையலறை சிங்குக்குக் கீழே சுடுதண்ணீர் பிளாஸ்டிக் பைப்பில் ஒரு எல்போ, அதாவது பைப் வளைகிற இடத்து இணைப்பு, மாற்ற வேண்டியிருந்தது. பிளம்பர் வந்தார், அரை மணி நேரத்தில் மாற்றினார், கூலி வாங்கிக்கொண்டு போனார். கசிவு நின்றுவிட்டது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் போன பிறகு பார்க்கிறேன், தரை டைல்ஸில் ஏழு சொட்டு, கிரானைட் மேடையில் டப்பா வைத்த வட்டம், கை கழுவப் போன பாத்ரூமின் பிளாஸ்டிக் கதவில் ஒரு கட்டைவிரல் ரேகை. எல்லாம் பைப்பை ஒட்டுகிற அந்த மஞ்சள் சொல்யூஷன். வயிறு எரிகிறது!

தினமும் அதே டப்பாவைத் திறக்கிறவருக்கு, அது சில நிமிடத்தில் இறுகும் என்று தெரியாதா? காய்வதற்குள் ஒரு பனியன் வேஸ்ட் துணியால் துடைத்திருந்தால் போயிருக்கும். கீழே ஒரு பழைய பேப்பரை விரித்திருந்தால் துடைக்கவே வேண்டாம். நாங்கள் லோன் போட்டுக் கட்டிய வீடு, இன்னும் தவணை முடியவில்லை.

இது சும்மா ஒட்டுகிற கோந்து இல்லை. பைப்பின் மேல்தோலைக் கரைத்து இரண்டு துண்டையும் ஒன்றாக்குகிற சரக்கு. காய்ந்த பிறகு பிளாஸ்டிக்தான். சோப்பு, வெந்நீர், எதற்கும் அசையாது. ஹார்டுவேர் கடையில் கேட்டால் யோசிக்காமல் ஆசிட் பாட்டிலை நீட்டுகிறார்கள். ஐயா, ஆசிட் போகிற லைனுக்கே இந்த மாதிரி பிளாஸ்டிக் பைப்தானே போடுகிறார்கள்! சொட்டு அப்படியே இருக்கும், டைல்ஸ் இடுக்கில் இருக்கிற சிமெண்ட்தான் பொங்கி அரித்துப் போகும். மார்பிள் தரையாக இருந்தால் அந்த இடமே மங்கிவிடும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாமே, எதற்கு அடுத்தவர் தரையைக் கெடுக்கிறீர்கள்?

கடைசியில் கைகொடுத்தது அசிட்டோன் என்கிற கரைப்பான். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தொட்டேன், குப்பென்று பற்றிக்கொள்ளும் சரக்கு அது. பஞ்சில் நனைத்துச் சொட்டின் மேல் வைத்து, பாலிதீன் கவரால் மூடினால் கொஞ்ச நேரத்தில் ஓரம் இளகுகிறது. அப்புறம் பிளேடைப் படுக்கவைத்துத் தள்ள வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் டைல்ஸில் கீறல் விழும். ஒவ்வொரு சொட்டுக்கும் இரண்டு மூன்று தடவை. ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க முழங்காலில் கிடந்தேன்.

கிரானைட் இன்னும் மோசம், அது கறையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சமையல் சோடாவை அசிட்டோனில் குழைத்து அப்பி, மூடி வைத்து, காய்ந்ததும் எடுத்தேன். இரண்டு முறை செய்தும் வட்டத்தின் நிழல் இருக்கிறது.

கதவுக்கு வழியே இல்லை. கதவும் பிளாஸ்டிக், சொல்யூஷன் அதையே கரைத்து உள்ளே இறங்கிவிட்டது. அசிட்டோன் தொட்டால் கதவும் சேர்ந்து கொழகொழக்கும். அந்த ரேகையின் ஒவ்வொரு கோடும் வெள்ளைக் கதவில் பதிந்து கிடக்கிறது, நடுவில் ஒரு முடி ஒட்டியிருக்கிறது. பல் தேய்க்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

மாடி டேங்க் வேலைக்கு மறுபடி அவரைத்தான் கூப்பிட வேண்டும், வேலை தெரிந்தவர் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. வாசலிலேயே பழைய பேப்பரும் துணியும் கையில் கொடுக்கப் போகிறேன். விரித்த பிறகுதான் அந்த டப்பாவின் மூடியைத் திறக்க விடுவேன்.