கடைசிப் பக்கப் பெட்டி வேண்டாம்
சிறுவர் சாகசக் கதைகளில் அறிவியலை எப்படிச் சேர்ப்பது என்று பேசும் இந்தக் கட்டுரை, சாகசம் கதையில் இருக்கட்டும், அறிவியலைக் கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டிக்குள் போட்டுவிடலாம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கதை முடிந்ததுமே பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அந்தத் தகவல் இல்லாமல் கதையே நகரக் கூடாது, அப்போதுதான் மனதில் நிற்கும். உதாரணத்துக்கு, தீவில் மாட்டிக்கொண்ட சிறுவன் தன் மூக்குக்கண்ணாடியால் நெருப்பு மூட்டுவதாக எழுதுகிறார்கள். அவனுக்குக் கிட்டப்பார்வை என்றால் அது நடக்கவே நடக்காது. அந்தக் கண்ணாடி குழிலென்ஸ். வெயிலை விரிக்குமே தவிர ஒரு புள்ளியில் குவிக்காது. சரி, அதையே கதையின் முடிச்சாக்கலாமே! சருகுக்கு மேலே கண்ணாடியைப் பிடிக்கிறான், நடுவில் மங்கல், ஓரத்தில் மட்டும் வெளிச்சம். ஏன் என்று குழம்புகிறான். அப்புறம் உடைந்த பைனாகுலரின் முன்பக்க லென்ஸைக் கழற்றிப் பிடித்ததும் புகை கிளம்புகிறது, ஏனென்றால் அது வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும் குவிலென்ஸ். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர் 'சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு நுணுக்கம் எதற்கு' என்று கேட்டிருக்கிறார். நான் பார்த்தவரை, 'இது எப்படி நடக்கும்?' என்று கதையைப் பாதியில் நிறுத்திக் கேட்பதே அந்தச் சின்னப் பிள்ளைகள்தான்.