சொல் தெரியாமல் ஹூலா ஏது?

ஹவாயில் குழந்தைகளுக்கு ஹூலா நடனம் கற்றுக்கொடுப்பது பற்றிய உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மனம் நிறைந்தது. ஆனால் ஒன்றை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஹூலாவின் உயிர் இடுப்பசைவில் இல்லை. 'மெலே' என்னும் பாட்டில் இருக்கிறது. எழுத்து வருவதற்கு முன்பே அம்மக்கள் தங்கள் வம்சாவளியையும் எரிமலைத் தெய்வம் பெலேயின் கதைகளையும், ஏன், ஊருக்கு ஊர் மாறும் மழையின் பெயர்களையும்கூடப் பாட்டில்தான் காத்து வைத்தார்கள். பாட்டின் பொருளைத்தான் கை காட்டுகிறது. அது புரியாத பிள்ளைக்கு ஹூலா வெறும் உடற்பயிற்சி!

1830இல் அரசி காஅஹுமனு ஹூலாவைத் தடை செய்தார். அரசர் கலாகாவா 1883இல் தம் முடிசூட்டு விழாவிலேயே அதை ஆடவைத்து மீட்டார். என்னைக் கேட்டால், அந்தத் தடையைவிடப் பெரிய அடி, பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்ற 1896ஆம் ஆண்டுச் சட்டம்தான். பாட்டி பேசிய ஹவாய் மொழி பேரனுக்கு அந்நியமாகிவிட்டது. 1984இல் தொடங்கிய 'புனானா லியோ' மழலையர் பள்ளிகள் அந்த மொழியைத் திரும்பக் கொண்டுவந்தன. ஹூலாவைக் காத்தவர்கள் பட்டியலில் அவற்றையும் சேருங்கள்.

மரபு வழுவாத ஹூலா பள்ளிகளில் மாணவர்கள் வாசலில் நின்று, உள்ளே வர அனுமதி கேட்டுப் பாடுவார்கள். ஆசிரியர் பதில் பாடிய பிறகே நுழைவார்கள். குழந்தைகள் அதை எப்படிக் கற்கிறார்கள் என்று அடுத்த கட்டுரையில் விரிவாக எழுதுங்கள்.