ஒரு வயது ஆனதும் கார் சீட்டைத் திருப்ப வேண்டுமா?

'ஒரு வயது முடிந்ததும் குழந்தையின் கார் சீட்டை முன்பக்கம் பார்க்கத் திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் மடங்கிய கால் முறிந்துவிடும்' என்றொரு தகவல் புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு.

பிறந்தநாள் கணக்கே இல்லை. சீட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். பின்நோக்கி எத்தனை கிலோ, எத்தனை செ.மீ. வரை வைக்கலாம் என்று இருக்கும். அதைத் தாண்டும்வரை திருப்ப வேண்டாம். ஐரோப்பாவில் குழந்தைகளின் கார் சீட்டுகளுக்கு உள்ள ஆர்129 என்ற பாதுகாப்பு விதி, 15 மாதத்துக்கு முன் திருப்பவே கூடாது என்கிறது.

இந்த வயதில் தலை கனம், கழுத்து பிஞ்சு. கடலூர் சாலையில் சடாரென்று பிரேக் போட்டால், பின்நோக்கிய சீட்டில் முதுகும் தலையும் சேர்ந்து தாங்கப்படும். முன்நோக்கி இருந்தால் உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ள, தலை மட்டும் முன்னால் பாயும். கால் இடித்தால் பிள்ளை தானே சம்மணம் போட்டுக்கொள்ளும்.

தயவுசெய்து அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.