கூரைச் சோலாரை நிறுத்தச் சொன்ன ஒன்பது நாட்கள்

2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து இலங்கை முழுதும் இருண்டது என்றார்கள்; அந்தக் குரங்கை எல்லோரும் பகிர்ந்து முடித்தாயிற்று. பிறகு அந்த வருடம் ஏப்ரல் 13 முதல் 21 வரை, தினமும் பின்னேரம் 3 மணி வரை கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை சொன்னதும், "சோலார்காரரால்தான் நாடு இருண்டது" என்ற பதிவு ஓடியது. பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

ஒரு உப மின்நிலையத்தில் குறுஞ்சுற்று ஏற்பட்டால் முழு நாடும் விழக்கூடாது. விழுந்தது ஏன்? அது ஞாயிறு முற்பகல். தேவை குறைவு, வெயில் அதிகம், சுழன்றுகொண்டிருந்த கனமான இயந்திரங்கள் சிலவே. பெரிய டர்பைன் சுழலும்போது அதன் சடத்துவம், அதாவது சுழல்வதை உடனே நிறுத்த விடாத கனம், மின்சாரத்தின் மீடிறனை (செக்கனுக்கு எத்தனை அலை என்ற கணக்கை) 50 ஹேர்ட்ஸிலிருந்து சட்டென்று சரிய விடாது. அப்படிக் கிடைக்கும் சில செக்கன்களுக்குள்தான் மற்ற நிலையங்கள் கைகொடுக்க வேண்டும். பனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கூரை இன்வேர்ட்டருக்கு அந்தச் சடத்துவம் இல்லை. பழைய செட்டிங் உள்ளவை மீடிறன் சரிந்ததும் தாமாகவே கழன்றுவிடும். பாரத்தைக் குறைக்க ஃபீடரை, அதாவது ஒரு பகுதிக்குப் போகும் மின் வழியை, வெட்டினால், அதில் உள்ள சோலாரும் சேர்ந்து போகும். குறைக்கப்போன இடத்தில் இழப்புக் கூடும்.

"அப்ப நீங்களே சோலாரில் பிழை என்று ஒத்துக்கொள்கிறீர்கள்" என்று கீழே ஒருவர் எழுதுவார். இல்லை. இது தெரிந்த விஷயம், தீர்வும் தெரிந்த விஷயம். ஜெர்மனியில் மீடிறன் 50.2 ஐத் தொட்டால் சோலார் எல்லாம் ஒரே நொடியில் கழன்றுவிடும் என்ற ஆபத்து இருந்தது. 2012 இல் சட்டம் போட்டு, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளின் செட்டிங்கை மாற்றத் தொடங்கினார்கள். தென் அவுஸ்திரேலியா 2016 செப்டம்பரில் முழுதாக இருண்டது. அடுத்த வருட முடிவுக்குள் ஹோர்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பற்றரி வந்தது. பிறகு, எரிபொருள் இல்லாமல் சும்மா சுழன்று சடத்துவம் கொடுக்கும் நான்கு இயந்திரங்களை வைத்தார்கள். வெயிலைத் திட்டிக்கொண்டு நிற்காமல் திருத்தினார்கள்.

நாங்கள் 2030 இல் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம், 2050 இல் கார்பன் சமநிலை என்று உலகத்துக்குச் சொல்லியிருக்கிறோம். பனலைப் பூட்டினால் மட்டும் அது வராது. பகலில் மிஞ்சுவதை இரவு 7 மணிக்குக் கொண்டுபோக வேண்டும். மகா ஓயாவில் 600 மெகாவாட் நீரேற்று நிலையம் பற்றிய ஆய்வு வந்து பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. பகலில் நான்கு யூனிட் செலவழித்துத் தண்ணீரை மேலே ஏற்றினால், இரவில் மூன்று யூனிட் திரும்பக் கிடைக்கும். அது வரும்வரை உப மின்நிலையங்களில் நான்கு மணி நேரப் பற்றரி வைக்கலாம்: 100 மெகாவாட்டுக்கு 400 மெகாவாட் மணி. கூரைக்காரர் எந்த மணிக்கு மின்சாரம் கொடுத்தாலும் அப்போது ஒரே விலைதான்; அப்படியிருந்தால் வீட்டில் பற்றரி வாங்க யார் வருவார்? இரவு யூனிட்டுக்குக் கூடுதல் விலை கொடுத்தால் வாங்குவார்கள்.

"காசு எங்கே?" என்பது நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பெப்ரவரியில் நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று அலகுகளும் ஒன்றாக நின்று, திங்களும் செவ்வாயும் நாடு ஒன்றரை மணி நேரம் மின்வெட்டில் கிடந்ததே, அதற்கு என்ன விலை? நிலக்கரிக் கொதிகலனைப் பகலில் வேண்டிய அளவுக்கு இறக்க முடியாது. மிகவும் இறக்கினால் நெருப்பு நிலைகொள்ளாது, எண்ணெய் எரித்துத்தான் பிடித்து வைக்க வேண்டும். நெகிழ முடியாதது அங்கே இருக்கிறது, நிறுத்தச் சொல்வது கூரைக்காரரை.

இன்னொன்று. நிறுத்தச் சொன்னவர்கள் எப்படி நிறுத்துவது என்று எத்தனை வீட்டுக்குச் சொன்னார்கள்? முதலில் ஏசி பிரேக்கரை (வீட்டு மின் பக்கத்துச் சுவிட்சை) அணைக்க வேண்டும், பிறகுதான் டிசி ஐசொலேட்டரை (பனல் பக்கத்துச் சுவிட்சை). பாரம் ஓடும்போது டிசியைத் திருப்பினால் உள்ளே பொறி அடித்து முனை கருகலாம். படிக்கட்டுக்குக் கீழே இருட்டுக்குள் பூட்டிய இன்வேர்ட்டருக்கு முன்னால் எழுபது வயது அம்மா நின்றால் என்ன செய்வார்? தூரத்திலிருந்து குறைக்கும் வசதியை இணைப்புக் கொடுக்கும்போதே கட்டாயமாக்கியிருந்தால், அந்த அம்மாவுக்கு இந்த வேலையே இல்லை.

கூரையில் பனல் வைத்தவர்களை வசதிக்காரர் என்கிறீர்கள். 2022 இல் பதின்மூன்று மணி நேர மின்வெட்டைப் பார்த்துப் பயந்து, நகையை அடகு வைத்துப் பூட்டியவர்களும் அதற்குள் இருக்கிறார்கள். அரசாங்கம் பூட்டுங்கள் என்று சொன்னது, பூட்டினார்கள். அவர்களைப் போய் நாட்டை இருட்டாக்கியவர்கள் என்று எழுத எப்படி மனம் வந்தது? ஒன்பது நாள் நிறுத்தி வைத்தாலும், வங்கித் தவணையில் அந்த ஒன்பது நாளை யாரும் கழித்துக்கொள்ளவில்லை.