ஓசூரைத் தாண்டினால் மாறிவிடும் எண்ணிக்கை

உலக எய்ட்ஸ் தினமான டிசம்பர் 1 நெருங்கினால் நம் பக்கத்துச் செய்திகளில் ஒரு எண் வரும். தர்மபுரியில் எச்.ஐ.வி. உள்ளோர் இத்தனை பேர், கிருஷ்ணகிரியில் இத்தனை பேர் என்று. போன வருடத்தைவிடக் கூடியிருந்தால் போதும், ஊருக்கே கெட்ட பெயர் வந்த மாதிரி வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். "எல்லாம் லாரிக்காரங்களால" என்பார் ஒருத்தர். "பெங்களூரு பக்கத்துல இருக்கே, அப்புறம் என்ன" என்பார் இன்னொருத்தர். இந்தத் துறையில் சில வருடம் களப்பணியாளராக இருந்தவன் நான். அந்த எண் கூடுவது பல நேரங்களில் நல்ல செய்திதான்.

பரிசோதனையில் உறுதியானவர்களில் இன்று எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதுதான் அந்த எண். வருடா வருடம் புதியவர்கள் சேர்வார்கள், இறந்தவர்கள் மட்டும் கழிவார்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை கொடுக்கத் தொடங்கியபோது நாடு முழுக்க எட்டு மருத்துவமனைகளில்தான் அது கிடைத்தது. தாம்பரம் அதில் ஒன்று. இன்று மாத்திரை நம் மாவட்டத்திலேயே கிடைக்கிறது. விடாமல் சாப்பிடுகிறவர் பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் வயது வரை வாழ்கிறார். ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் அவரிடமிருந்து தொற்று பரவுவதும் இல்லை. ஆட்கள் சாகாததால் கூடுகிற எண்ணைப் பார்த்து வெட்கப்படுவது என்ன கணக்கோ, எனக்குப் புரியவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பான நாகோ, 2023இல் இந்தியாவில் சுமார் 25.44 லட்சம் பேர் எச்.ஐ.வி.யுடன் வாழ்வதாகச் சொன்னது. யாரும் வீடு வீடாகப் போய் எண்ணிய கணக்கு இல்லை இது. கண்காணிப்பு ஆய்வுகள், சிகிச்சைத் தரவுகள் எல்லாவற்றையும் ஸ்பெக்ட்ரம் என்ற கணினி மாதிரியில் போட்டு எடுக்கிற மதிப்பீடு. தமக்குத் தொற்று இருப்பதை அறிந்தவர்கள் அதில் 81 சதவீதம் அளவில்தான். மீதிப் பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. மதிப்பீடு எவ்வளவு ஆடும் என்பதற்கு 2007ஐப் பாருங்கள். அதுவரை ஐம்பது லட்சத்துக்கு மேல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது தேசியக் குடும்பநல ஆய்வில் லட்சம் பேருக்கு மேல் ரத்தம் எடுத்துப் பார்த்ததும் அது சுமார் 25 லட்சமாக இறங்கியது. யாருக்கும் நோய் குணமாகவில்லை, கணக்குதான் மாறியது.

அப்படியானால் கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கையாவது துல்லியமாக இருக்கும், அது நேரடிப் பதிவுதானே என்று கேட்கலாம். எனக்குக் கவலையே அங்கேதான்.

பாலக்கோட்டில் இருக்கும் ஒருவருக்குத் தர்மபுரி நம்பிக்கை மையத்தில், அதாவது அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில், உறுதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே மாத்திரை வாங்க வரிசையில் நின்றால் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயம். சேலம் போகிறார், அல்லது ரயிலேறி பெங்களூருக்குப் போகிறார். அங்கே மறுபடியும் பரிசோதனை. சொல்கிற பெயரும் வேறாக இருக்கலாம். இங்கே மு. முருகன், அங்கே முருகன் முனுசாமி, இன்னொரு இடத்தில் முருகேசன். ஊரைக் கேட்டால் ஓசூர் என்பார். இரண்டு மாநிலங்களில் இரண்டு ஆட்கள் ஆகிவிட்டார். தர்மபுரிப் பதிவேட்டிலோ 'தொடர்பு விட்டவர்'. பிறகு ஒருநாள் அவர் ஊரிலேயே காய்ச்சலில் இறந்துபோனால், காரணத்தை வீட்டார் வெளியே சொல்லமாட்டார்கள். ரேஷன் கார்டில் நீக்காமல் கிடக்கும் பாட்டியின் பெயர் மாதிரி, அவரும் பட்டியலில் வாழ்ந்துகொண்டிருப்பார்.

2017க்கு முந்தைய பதிவுகளில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். அப்போது ரத்தத்தில் சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களின் அளவு ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால்தான் பெரும்பாலானவர்களுக்கு மாத்திரை. "இப்போ தேவையில்லை, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்புவார்கள். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத கட்டடத் தொழிலாளி எதற்குத் திரும்பி வரப்போகிறார்? திருப்பூர், கேரளா என்று வேலை தேடிப் போய்விட்டார்கள். உறுதியானதுமே மாத்திரை என்ற விதி 2017இல் வந்தது. விட்டுப்போனவர்களைத் தேட மிஷன் சம்பர்க் என்று தனித் திட்டமே போட வேண்டியிருந்தது.

இங்கிலாந்தில் 1995 முதல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. அந்த ஆண்டில் சிகிச்சைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணுவார்கள். பெயர் வெளியே போகாது. குடும்பப் பெயரை ஒரு எழுத்தும் சில இலக்கங்களுமாகச் சுருக்கி, பிறந்த தேதி, பாலினத்தோடு ஒப்பிட்டு இரட்டைப் பதிவை நீக்குவார்கள். எங்கே சிகிச்சை, எங்கே வீடு என்பதையும் தனித்தனியாகக் குறிப்பார்கள். நமக்கு அது அப்படியே பொருந்தாது. இனிஷியல் வைத்துக்கொள்கிற ஊரில் குடும்பப் பெயருக்கு எங்கே போவது? ஆதாரில் பலருக்குப் பிறந்த தேதி ஜனவரி 1. ஆனால் பெயரில்லாமலும் எண்ணலாம் என்பதும், மருத்துவமனை இருக்கும் மாவட்டத்தையும் ஆள் வாழும் மாவட்டத்தையும் பிரிக்கலாம் என்பதும் நமக்கும் வேண்டியவை.

இப்போது நாகோவிடம் சோக் என்ற ஒரே கணினித் தளம் இருக்கிறது. எந்த மாநிலத்துக்கு மாறினாலும் அதே எண்ணில் ஆளைத் தொடரலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் வந்தவர் உண்மையான பெயரைச் சொன்னால்தானே அது வேலை செய்யும்? ஒப்புதல் இல்லாமல் பரிசோதிக்கவோ நிலையை வெளியிடவோ கூடாது என்று 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் சொல்கிறது. அதைக் கடைப்பிடிப்பதுதான் நல்ல கணக்குக்கும் வழி. மாவட்டங்களை அவமான வரிசையில் நிறுத்தி நாம் செய்தி பகிரப் பகிர, இன்னும் சிலர் பெங்களூரு ரயிலில் ஏறிப் பெயரை மாற்றிச் சொல்வார்கள்.

டிசம்பரில் புள்ளிவிவரம் தருகிற அதிகாரிகளிடம் நிருபர்கள் 'எத்தனை பேர்' என்பதோடு நிறுத்தாமல், அதில் போன மாதம் மாத்திரை வாங்கியவர்கள் எத்தனை பேர், தொடர்பு விட்டவர்கள் எத்தனை பேர் என்றும் கேட்டால் நன்றாக இருக்கும்.

பரிசோதனை பற்றிய சந்தேகங்களுக்கு 1097க்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை. கமெண்டில் 'எங்க ஊர்ல இன்னாருக்கு' என்று யாராவது ஆரம்பித்தால் அழித்துவிடுவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.