கிங் கிரிம்சன்ல பெஸ்ட் லைன்அப் 1972-74 தான், மாத்திக்க மாட்டேன்

கிங் கிரிம்சன்ங்கற இங்கிலாந்து ராக் பேண்ட் பேச்சு எடுத்தாலே எல்லாரும் 1969ல வந்த முதல் ஆல்பத்தத்தான் தூக்கிட்டு வர்றாங்க. சரி, கிரெக் லேக் குரலையும் இயான் மெக்டொனால்டோட மெல்லோட்ரானையும் (டேப்ல பதிஞ்ச சத்தத்த வாசிக்கற கீபோர்டு) யாரு குறை சொல்ல முடியும்? ஆனா அந்த டீம் அதே வருஷக் கடைசியில அமெரிக்க டூரோட உடைஞ்சிருச்சு. மெக்டொனால்டு, டிரம்மர் மைக்கேல் ஜைல்ஸ் ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க, அந்த டீம் சேர்ந்தே இருந்திருந்தா அடுத்து என்ன பண்ணியிருக்கும்னு யாருக்குமே தெரியாது.

என் ஓட்டு கிட்டார் ஃப்ரிப், பேஸ் வெட்டன், டிரம்ஸ் புரூஃபோர்ட், வயலின் டேவிட் கிராஸ், முதல் கொஞ்ச நாள் தாளவாத்தியம் ஜேமி மியூர், இவங்களுக்குத்தான். பில் புரூஃபோர்ட், யெஸ் பேண்ட் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பம் முடிச்சு உச்சத்துல நிக்கறப்போ அத விட்டுட்டு இங்க வந்த மனுஷன், அவருக்கு இங்க என்னமோ கேட்டிருக்கு.

அது என்னன்னு தெரியணும்னா 'ட்ரையோ' கேளுங்க. 1973 நவம்பர்ல ஆம்ஸ்டர்டாம் மேடையில அந்த நிமிஷத்துல உருவான பீஸ், வயலின், மெல்லோட்ரான், பேஸ் மட்டும் மெதுவா போகும், புரூஃபோர்ட் குச்சிய நெஞ்சுக்கு குறுக்கா வச்சுக்கிட்டு தன் நேரத்துக்காக காத்துட்டே இருந்தாரு, கடைசி வரைக்கும் ஒரு அடி கூட அடிக்கல. ஆனா 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' ஆல்பத்துல அந்தப் பீஸுக்கு அவர் பேரும் சேர்ந்துதான் இருக்கு, ஏன்னா வாசிக்காம இருந்ததும் அவரோட பங்குதான். எந்த லைன்அப்ல இப்படி ஒருத்தர ஒருத்தர் கேட்டாங்க சொல்லுங்க!

1981 டீம் எனக்கு உயிர், பெலூவும் ஃப்ரிப்பும் கிட்டார பின்னிப் பின்னி வாசிக்கறது வேற யாருக்கும் வராது, டோனி லெவினோட ஸ்டிக் (விரலால தட்டி வாசிக்கற கம்பி வாத்தியம்) வேற. ஆனா அதெல்லாம் கணக்கு போட்டு கட்டினது, அடுத்த நிமிஷம் என்ன ஆகும்ங்கற பதட்டம் இல்ல.

வெட்டனும் புரூஃபோர்டும் போட்ட சத்தத்துல கிராஸ் வயலின் அமுங்கிப் போச்சுன்னு ஒரு குறை சொல்வாங்க, அது நிஜம்தான், 1974 ஜூலையோட அவர் பேண்ட்லயே இல்ல, எனக்கும் அதுல வருத்தம் உண்டு. ஆனா மிச்சம் இருந்த மூணு பேர் போட்டதுதான் 'ரெட்' ஆல்பம். அதுல 'ஸ்டார்லெஸ்' நடுவுல வெட்டன் பேஸ் 13 எண்ணிக்கையில சுத்திட்டே இருக்கும், ஃப்ரிப் ஒரே ஸ்வரத்த விடாம அடிச்சு அடிச்சு கொஞ்சங்கொஞ்சமா மேல ஏத்துவாரு, புரூஃபோர்ட் பின்னாடி உருட்டிட்டே வருவாரு, அப்புறம் சாக்ஸஃபோன் பொத்துக்கிட்டு வரும் பாருங்க. அந்தப் பாட்டுல ஆல்டோ சாக்ஸ் வாசிச்சது யாரு தெரியுமா 1969 கட்சிக்காரங்களே? உங்க இயான் மெக்டொனால்டு.