பிள்ளையார் கோயிலுக்கு அப்பால் ஒரு நாஷ்வில்

டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்கு நான் 2007-இல் வந்தேன். மருத்துவமனைகளை நடத்தும் பெரிய நிறுவனங்கள் இங்கே இருப்பதால் மென்பொருள் வேலைக்குப் பஞ்சமில்லை. சம்பளத்தின் மேல் மாநில வரி கிடையாது. பெல்வியூ பகுதியில் பிள்ளையார் கோயில் இருக்கிறது. இந்த மூன்றையும் சொல்லிவிட்டால் ஊரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை என்று நம்மவர்களில் பலர் இன்றும் நினைக்கிறார்கள். வாழும் ஊரைச் சம்பாதிக்கும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளும் அந்தப் பழக்கத்தை எதிர்த்தே இதை எழுதுகிறேன்; முதல் குற்றவாளி நான்தான் என்பதையும் ஒப்புக்கொண்டே எழுதுகிறேன்.

2009 ஜனவரியில், நகர அரசின் அலுவல்கள் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்க வேண்டும் என்று கோரிய திருத்தம் ஒன்று வாக்கெடுப்புக்கு வந்து, நாஷ்வில் மக்களால் தோற்கடிக்கப்பட்டது. நோலன்ஸ்வில் சாலையில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் குர்தியர்களும், ஸ்பானிய மொழி பேசும் கட்டடத் தொழிலாளர்களும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்திருப்பார்கள். அதே மாதத்தில் நான் பொங்கல் விழா மேடையில் 1965 மொழிப் போராட்டத்தைப் பற்றிக் கணீரென்று பேசிக்கொண்டிருந்தேன். ஊரில் அப்படியொரு வாக்கெடுப்பு நடந்ததே எனக்குத் தெரியாது. (அப்போது எனக்கு வாக்குரிமை இல்லை என்பது சமாதானம் ஆகாது, செய்தித்தாள் படிக்க வாக்குரிமை தேவையில்லை.)

2010 மே மாதத்தின் முதல் இரண்டு நாட்களில் 13 அங்குலத்துக்கும் மேல் மழை கொட்டியது. கம்பர்லண்ட் ஆறு நகர மையத்துக்குள் ஏறியது. எங்கள் பக்கத்தில் ஹார்பெத் ஆறு கரை மீறி வீட்டுக்குள் வந்தது. இங்குள்ள வீடுகளின் உட்சுவர் ஜிப்சம் அட்டை. நனைந்துவிட்டால் அதை உடனே பெயர்த்து, உள்ளிருக்கும் பஞ்சை அகற்றி, மரச்சட்டங்களை உலரவிட வேண்டும், இல்லாவிட்டால் சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு மூதாட்டிக்குத் தெரிந்திருந்தது. குடிவந்த முதல் வாரத்தில் “எந்த சர்ச்சுக்குப் போகிறீர்கள்?” என்று கேட்டவர் அவர். மதம் மாற்றத்தான் அடிபோடுகிறார் என்று எண்ணி நான் மூன்றாண்டுகள் ஒதுங்கியே இருந்தேன். நம் ஊரில் “எந்த ஊர்?” என்பதைப் போல இந்தப் பக்கத்தில் அது ஒரு அறிமுகக் கேள்வி, சொல்லப்போனால், நம் கேள்விக்குள் சில நேரம் ஒளிந்திருக்கும் சாதி விசாரணைகூட அவருடைய கேள்வியில் இல்லை. அவர் சொல்லி அனுப்பிய பத்துப் பேர் கடப்பாரையும் முகமூடியுமாக வந்து, இரண்டு நாட்களில் கீழ்த்தளச் சுவர்களைப் பெயர்த்து முடித்தார்கள். சேற்றில் கிடந்த பிள்ளையார் படத்தை அவர்களில் ஒருவர் தன் சட்டையில் துடைத்து, எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அந்தக் கடனைத் தீர்க்கப் பத்தாண்டுகள் ஆயின. 2020 மார்ச் 3 அன்று நள்ளிரவுக்குப் பின் அடித்த சுழல்காற்று, கறுப்பின மக்கள் அதிகம் வாழும் வடக்கு நாஷ்வில்லையும் பெயர்த்துப்போட்டது. தார்ப்பாயும் தண்ணீர்ப் புட்டிகளும் எடுத்துக்கொண்டு போன அன்றுதான், 13 ஆண்டுகளில் முதன்முறையாக, அந்தத் தெருக்களில் கால்வைத்தேன். கூரை போன வீட்டின் முன் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், காற்றைவிடப் பெரிய இடிப்பைத் தாம் சிறுவயதிலேயே பார்த்துவிட்டதாகச் சொன்னார். 1960-களின் இறுதியில் ஐ-40 நெடுஞ்சாலையை அமைப்பதற்காக, ஜெஃபர்சன் தெருவை ஒட்டியிருந்த வீடுகளும் கடைகளும் இசைக்கூடங்களும் இடிக்கப்பட்டன. நான் தினமும் அலுவலகம் போகும் சாலை அதுதான்.

அதன்பிறகே இந்த ஊரை வாசிக்கத் தொடங்கினேன். 1950-களில் நாக்பூரில் மூன்றாண்டுகள் தங்கிக் காந்திய வழியைக் கற்ற கறுப்பினப் போதகர் ஜேம்ஸ் லாசன், பிறகு நாஷ்வில்லுக்கு வந்து, அடித்தாலும் திருப்பி அடிக்காதிருக்க மாணவர்களுக்குப் பயிற்சி தந்தார். 1960 பிப்ரவரியில் அந்த மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டுமே உணவு பரிமாறிய கடைகளுக்குள் போய் அமர்ந்தார்கள். இதற்காக லாசனை, அவர் படித்துக்கொண்டிருந்த வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் வெளியேற்றியது. ஆனாலும் மே மாதம் 10-ஆம் தேதி அந்தக் கடைகளின் உணவு மேசைகள் எல்லோருக்கும் திறந்தன. இந்தப் போராட்டங்கள் உருவாக்கிய சூழலில்தான், நம்மைப் போன்றவர்களுக்கு வாசலைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டமும் வந்தது. நாம் நம் படிப்பால் மட்டுமே இங்கு வந்தோம் என்று விருந்துகளில் யாராவது பெருமையடிக்கும்போது, இப்போதெல்லாம் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. விருந்துக்கு அழைப்பதும் குறைந்துவிட்டது.

நகர மையத்தின் பொது நூலகத்தில் அந்தப் போராட்டத்துக்கென ஓர் அறை இருக்கிறது. வட்டமான மேசையின் மேல், மாணவர்கள் கடைப்பிடித்த பத்து விதிகள் பொறிக்கப்பட்டுள்ளன. போன மாதம் மகளை அழைத்துப் போனேன். முக்காலியில் ஏறி அமர்ந்து ஒவ்வொன்றாக வாசித்தவள், நிமிர்ந்து உட்காரச் சொல்லும் விதி வந்ததும் தானும் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். திரும்பும்போது ஐ-40-இல் ஏறாமல் ஜெஃபர்சன் தெரு வழியாகவே வண்டியை ஓட்டினேன். வீடு சேரக் கால்மணி நேரம் கூடுதலானது.